ஒரு படம் அனுப்பினால்தான் ஒரு படம் வரும்

போன மாதம் பிரியா போன் செய்தாள். செங்கல்பட்டு செல்போன் சேவை மையத்தில் எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவள். "அக்கா, எம்.எம்.எஸ்.ஸை மூடிட்டாங்க. கஸ்டமர் ஒருத்தர்கூட ஏன்னு கேக்கல. அது என்னான்னே எனக்குச் சரியாத் தெரியாது. நீங்கதான் அதுல கில்லாடியாமே, எதையாவது எழுதி அனுப்புங்களேன்" என்றாள்.

கில்லாடி எல்லாம் இல்லை. மற்றவர்கள் அந்த வேலையைக் கண்டால் நழுவிவிடுவார்கள், நான் மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனாலும் அவள் கேட்ட அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஊரப்பாக்கத்தில் எங்கள் மாடியில் உட்கார்ந்து, போகிற வருகிற மின்சார ரயிலைப் பார்த்துக்கொண்டே பழைய நாட்களுக்குள் போய்விட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த பிறகுதான் இறங்கி வந்தேன்.

தொண்ணூறுகளில் நான் சென்னையில் ஒரு பேஜர் கம்பெனியில் இருந்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரார் சொல்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்பும் வேலை. "உடனே வா." "குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது." "இனிமேல் என்னைத் தேடாதே." எல்லாவற்றுக்கும் ஒரே வேகம், ஒரே விரல்கள். பிறகு பேஜர் செத்தது. நான் செல்போன் கம்பெனிக்கு மாறினேன். மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வகுப்புகளில் நான் பெரும்பாலும் தூங்கினேன். வேலையைக் கற்றுக்கொண்டது அதற்கப்புறம், கோதண்டம் சாரிடம்.

கோதண்டம் சார் எங்கள் மையத்தின் மேலாளர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தேநீரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மறந்துவிடுவார். வாடிக்கையாளர் போனை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்குவார். வேலை முடிந்ததும் கைக்குட்டையால் துடைத்து, திரை அவர்கள் பக்கம் இருக்கும்படி திருப்பிக் கொடுப்பார். எம்.எம்.எஸ். என்று படம் அனுப்பும் வசதி வந்த புதிதில் எங்களை நிற்க வைத்து அவர் சொன்னது ஒன்றுதான். "அம்பைப் பாருங்க, படத்தைப் பார்க்காதீங்க."

படம் போகும்போது திரையின் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி மேல்நோக்கி நகரும். வரும்போது கீழ்நோக்கி இறங்கும். எங்களுக்கு வேண்டியது அது மட்டும்தான். "போட்டோவுல இருக்கிறவங்க நம்மளைப் பார்க்க வரல" என்பார் சார்.

இன்றைக்குப் படம் அனுப்புவது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. அன்று அது ஒரு சடங்கு. ஸ்மார்ட்போன் என்று புதிதாக வந்தவற்றில் இணையத்துக்கு ஒரு செட்டிங், படத்துக்குத் தனியாக இன்னொரு செட்டிங். நம் ஊரில் விற்ற போன் என்றால் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் எல்லாம் தானாக உட்கார்ந்துகொள்ளும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த போன் என்றால் ஒவ்வொன்றையும் கையால் அடிக்க வேண்டும். அடித்து முடித்து, போனை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, முப்பது எண்ணி, திரும்பவும் மாட்ட வேண்டும். ஏன் முப்பது என்று யாருக்கும் தெரியாது. நான் இருபத்தைந்தில் மாட்டிப் பார்த்திருக்கிறேன். வேலை செய்யவில்லை.

அதற்கு மேல் எங்கள் நெட்வொர்க்குக்கு ஒரு வீம்பு இருந்தது. ஒரு படமாவது அனுப்பாத போனுக்கு அது படம் தராது. புதிதாக வருகிறவர் முதலில் யாருக்காவது ஒரு படம் அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்தால்தான் அவர் போனுக்குப் படம் வரும் வழி திறக்கும். அதுவரை அவருக்கு வந்த படங்கள் வெளியே காத்திருக்கும். காத்திருப்பும் மூன்று நாள்தான், அப்புறம் அழிந்துவிடும். தன் எண்ணுக்கே தான் அனுப்பி ஏமாற்றவும் முடியாது.

அதனால் எங்கள் மையத்தில் ஒரு சோதனை போன் இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் முதல் படத்தை அதற்குத்தான் அனுப்புவார்கள். வெறும் சுவரை எடுக்கச் சொல்ல வேண்டும் என்பது சாரின் விதி. யார் கேட்டார்கள்? கையில் கேமரா வந்ததும் எதிரே இருப்பதை எடுத்துவிடுவார்கள். மாலை ஆறு மணிக்கு அத்தனையையும் பார்க்காமல் அழித்துவிட்டு, போனை மேசை டிராயரில் வைத்துப் பூட்ட வேண்டும். அழிக்கும் பொறுப்பு என்னுடையது.

முதலில் ஒன்றைத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு அழிக்க மனம் வரவில்லை. பிறகு ஒவ்வொரு மாலையும் பார்த்தேன். கட்டைவிரல்கள், மின்விசிறிகள், செருப்பு போட்ட கால்கள், யாரோ ஒருவரின் நெற்றி மட்டும். கொளவாய் ஏரியின் மேல் சாய்ந்து நின்ற வானம். வேடந்தாங்கலில் எடுத்த, பறவை இருக்க வேண்டிய இடத்தில் பறவை இல்லாத ஒரு கிளை. மாமல்லபுரத்துப் பாறை ஒன்று, அதன் நிழலில் தூங்கும் நாய். தபால் தலை அளவுக்குச் சின்னப் படங்கள். ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடினால் அவை ஒவ்வொன்றாக வரும். இந்த மாவட்டமே முதன்முதலாகக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது போல இருக்கும். சில நாள் ஊரப்பாக்கத்தில் இறங்க மறந்து வண்டலூர் வரை போயிருக்கிறேன்.

"அழிச்சாச்சா வசந்தா?" என்று சார் தினமும் கேட்பார். "ஆச்சு சார்" என்று தினமும் பொய் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, மூடுகிற நேரத்தில் லூர்து அக்கா வந்தார். கோவளத்துக்காரர். கடற்கரையில் மீன் ஏலம் கூவுகிறவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்தக் குரலுக்கு எங்கள் மையம் போதவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் மகன் சிங்கப்பூரில் வாங்கிக் கொடுத்த பெரிய ஸ்மார்ட்போன் ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். முடிச்சை அவிழ்த்தால் போனில் சார்ஜ் இல்லை. திரை இருட்டாகிக் கிடந்தது.

"நேத்திக்கு மின்னாடி நாள், நாலு மணி இருக்கும், மெசேஜ் வந்திச்சி. ஒனுக்கு ஒரு படம் வந்துகீது, மூணு நாளுதான் கெடக்கும்னு பக்கத்து வூட்டுப் பையன் பட்ச்சி சொன்னான். அதுக்கு மேல தங்கச்சி மெசேஜ் ஒண்ணு. அம்மா போட்டோ அனுப்பிகீறேன்னு. எத்தினி தபா அமுக்கினாலும் படம் வர மாட்டேங்குது."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணியோடு படம் போய்விடும். "தங்கச்சிகிட்ட இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுங்களேன்" என்றேன்.

"அவகூட நான் பேசி எட்டு வருசம் ஆவுது" என்றார். "கேக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டுக்கே வருவதாகச் சொன்னேன். அவசரத்துக்கு அப்படிப் போவது உண்டு. கோதண்டம் சார் அன்று இரவே காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வழக்கம்போல டிராயர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "அம்பைப் பாரு, படத்தைப் பார்க்காதே, ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

திருப்போரூர் வழியாகப் பஸ் மாறி நான் கோவளம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் மணல், படகு, வலை எல்லாமே கொஞ்சம் மிதப்பது போலத் தெரிந்தன. லூர்து அக்காவின் வீடு கடைசி வரிசையில் இருந்தது. ஒரே அறை, வாசலைத் தாண்டினால் கடல். நேற்றைய குரல் அவரிடம் இல்லை. எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

நான் செட்டிங்கை அடிக்க அடிக்க அவரே சொன்னார். அம்மாவுக்கு வாழ்நாளில் எடுத்த போட்டோ ஒன்றே ஒன்றுதானாம். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அம்மா செத்து முப்பதாம் நாள் பூசைக்குத் தூத்துக்குடியிலிருந்து தங்கை ஜெசிந்தா வந்தாள். மறுநாள் லூர்து அக்கா ஏலத்துக்குப் போயிருந்தபோது, போட்டோவை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குட்த்திருப்பேன். சொல்லாம கொள்ளாம தூக்கினு பூட்டா" என்றார். "இப்போ எனக்கு அம்மா மொகமே ஞாபகத்துக்கு வர மாட்டேங்குதும்மா. பொடவ வருது, கொரல் வருது. மொகம் வரல. பெத்தவ மொகத்த மறந்துட்டேன்னு வெளிய சொல்ல முடியுமா?"

பேட்டரியைக் கழற்றி முப்பது எண்ணினேன். போன் உயிர் பெற்றது, மூலையில் இணையம் கிடைத்ததற்கு அடையாளமாக ஜி என்ற எழுத்து வந்தது. அப்பாடா என்றிருந்தது. கூரையைப் படம் எடுத்து எங்கள் சோதனை போனுக்கு அனுப்பினேன். அம்பு பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. திரும்ப அனுப்பினேன். மூன்றாவது முறை ஒரு வரி வந்தது. பெறுபவரின் போனில் இடம் இல்லை.

கட்டைவிரல்களும் விசிறிகளும் தூங்குகிற நாயும் டிராயருக்குள் நிறைந்து உட்கார்ந்திருந்தன. இந்த அம்மாவின் படத்துக்கு மட்டும் இடம் வைக்காமல் விட்டது நான்தான்.

வேறு வழி தேடினேன். என் போன் எழுத்து மட்டும் காட்டும் பழைய போன். அந்தத் தெருவில் படம் வாங்கும் போன் வேறு யாரிடமும் இல்லை. சென்னைத் தலைமை அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை எடுக்காது. கடைசியில் சாருக்கே போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"அழிச்சியா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல சார். ஒரு நாளும் அழிக்கல."

நாதஸ்வரம் கொஞ்ச நேரம் தனியாக வாசித்தது. "நான் செங்கல்பட்டு வந்து டிராயரைத் திறக்க ஆறு மணி ஆயிடும். அவங்க போன்ல வேற யார் நம்பர் இருக்கு, படம் வாங்கற நம்பர்? அதைப் பாரு" என்றார். திட்டவில்லை. மறுநாளும் திட்டவில்லை. சோதனை போனில் மொத்தமாக அழிக்கும் வசதி கிடையாது. ஒவ்வொன்றாக நான் அழித்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

லூர்து அக்காவின் போனில் படம் வாங்குகிற எண் ஒன்றுதான் இருந்தது. நான் அதைச் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன்.

"அப்போ ஒன்னாலதான் இந்த பேஜாரு" என்றார்.

"ஆமாங்க்கா."

"அவுளுக்கு நான் அனுப்பினா, நான்தான் மொதல்ல எறங்கி வந்தேன்னு ஆவும். எட்டு வருசம் புட்ச்சினு இருந்தது இன்னாத்துக்கு?"

சுவர்க் கடிகாரத்தில் இரண்டேகால். அவர் வெளியே போய் வாசலில் நின்றார். கடலைப் பார்த்தாரா, வேறு எதையாவது பார்த்தாரா தெரியாது. திரும்பி வந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"எழுத்து எதுனா எழுதணுமா?"

"வேண்டாங்க்கா. படம் மட்டும் போதும். எதுவும் இல்லாத சுவரை எடுத்தாக்கூடப் போதும். இது சும்மா வழி திறக்கத்தான்."

"எட்டு வருசம் கயிச்சி கூடப் பொறந்தவளுக்குச் செவுத்தையா அனுப்புவாங்க?" என்று என்னை முறைத்தார். பிறகு போனை வாங்கி, எதை எடுப்பது என்று அறையைச் சுற்றித் திரையில் பார்த்துக்கொண்டே வந்தார். அடுப்பு, பாய், மாதா படம். கதவுக்கு மேலே வந்ததும் கை நின்றது. நானும் அப்போதுதான் பார்த்தேன். அங்கே ஓர் ஆணி. அதற்குக் கீழே சுண்ணாம்பு வெளுத்துச் சதுரமாக ஓர் இடம். எட்டு வருடமாக அதில் அவர் வேறு எதையும் மாட்டவில்லை.

"இத்தையே அனுப்பு" என்றார்.

அழுத்தினேன். அம்பு ஏறியது, நின்றது, ஏறியது. போய்ச் சேர்ந்தது என்று வந்தது. போனை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, முப்பது எண்ணி மாட்டினேன். லூர்து அக்காவும் என்னோடு சேர்ந்து உதட்டுக்குள் எண்ணினார். மூன்று நாற்பதுக்கு அம்பு கீழ்நோக்கி இறங்க ஆரம்பித்தது. அம்புக்குக் கீழே இருந்த பட்டை நிறைய இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நான் அதுவரை பார்த்த எந்தக் கோயில் திரையும் அவ்வளவு மெதுவாக விலகியதில்லை.

நிறைந்ததும் போனை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் கடலைப் பார்த்து நின்றேன். ஒரு நாளாவது சாரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

பின்னால் "அம்மா" என்று ஒரு சத்தம். பிறகு, "வந்து பாரு" என்றார்.

"நாங்க பார்க்கக் கூடாதுக்கா."

"எங்கம்மாவ நான் காட்றேன், நீ பாக்க மாட்டியா?"

பார்த்தேன். கறுப்புச் சட்டம், கண்ணாடி. அதற்குள் ஒரு பெண்ணின் முகம். முன்முடி நரைத்திருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியது போல நெற்றியில் இரண்டு கோடுகள். லூர்து அக்கா அந்தக் கோடுகளை விரலால் தொட்டார். "இதான். இந்த நெத்தி. எம்மேல கோவம் வந்தா இப்டித்தான் சுருக்கும். மறந்துட்டேன்னு நெனிச்சினு இருந்தேன், மறக்கல பாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கியது. இந்த வேலைக்கு வந்ததே இதற்குத்தான் என்றுகூடத் தோன்றியது.

அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். திரும்பவும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அம்மா கையில இன்னா அது?"

குனிந்து பார்த்தேன். முகத்துக்குக் கீழே இரண்டு கைகள் எதையோ மார்புக்கு நேராகப் பிடித்திருந்தன. சின்னதாக, சதுரமாக. அப்படிப் பிடித்த கைகளை நான் தினமும் பார்க்கிறவள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. சட்டத்தில் போட்ட படத்தை யாரோ கண்ணாடியோடு வைத்து எடுத்திருக்கிறார்கள். எடுத்தவரின் முகம் கண்ணாடியில் விழுந்து உள்ளே இருந்தவரை மறைத்துவிட்டது. ஓரத்தில் வெள்ளைப் புடவையின் தலைப்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதுதான் அம்மா.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டியிருக்கவில்லை. லூர்து அக்காவே கையிலிருந்த போனைப் பார்த்தார், படத்திலிருந்த கைகளைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. "ஜெசி" என்றார். "இன்னா இவ, இப்டி கெயவி ஆயிட்டா. அச்சு அசலா அம்மா" என்றார். அழுதார், இந்த முறை சிரிக்கவில்லை.

பிறகு போனை என்னிடம் நீட்டினார். "அவ நம்பரப் போடு."

போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். எட்டு வருடத்துக்கு அப்புறம் அக்கா என்ன பேசப்போகிறார் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். லூர்து அக்கா தொண்டையைச் செருமினார். கரை முழுக்கக் கேட்கும் அந்த ஏலக் குரல் திரும்ப வந்துவிட்டது.

"ஏண்டி ஜெசி, கண்ணாடியக் கயட்டிட்டு போட்டோ எடுக்கத் தெரியாதா ஒனுக்கு? அம்மா எங்கடி, போட்டோ பூரா நீதான கீற?"

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சின்னக் குரலில் ஒரு கேள்வி. லூர்து அக்கா கதவுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார்.

"ஆணியா? அது அங்கியேதான் கீது. நான் புடுங்கல. நீ வந்து மாட்டு."